அக்காவின் மடங்கிய விரல்

என் அக்காவைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவள் எனக்கு எல்லாவற்றையும் தந்திருக்கிறாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கையைத் தந்திருக்கிறாள், நாங்கள் இறங்கவேண்டிய தரிப்புக்கு ஒரு தரிப்பு முன்னால். நூலகப் புத்தகத்தைத் தந்திருக்கிறாள், திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளன்று காலையில். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் எங்களுக்கு ஓர் இரட்டைத் தட்டுக் கட்டில் இருந்தது. அதன் மேல்தட்டுக்காக நான் வருடக்கணக்கில் கெஞ்சினேன். ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறுவதற்கு முந்திய கிழமை அதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள். அக்கா எவ்வளவு நல்லவள் என்று பார் என்றார் அம்மா. நான் மேலே ஏறிப் படுத்துக் கூரையைப் பார்த்தேன். அடுத்த கிழமை கட்டிலையே கழற்றிவிட்டார்கள்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயத்தில் அல்ல. பெயரைப் போட்டால் இது அவளுடைய கதையாகிவிடும், பிறகு இதையும் எடுத்து வைத்துக்கொள்வாள். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கும் அவளுக்கும் இரண்டு வயது வித்தியாசம். நாங்கள் இரண்டே பேர். அப்பா உடுப்புத் தொழிற்சாலையிலும் அம்மா வைத்தியசாலையில் துப்புரவு வேலையிலும் இருந்தார்கள். எந்தப் பொருளும் முதலில் அக்காவுக்கு, பிறகு எனக்கு. அது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மற்ற வீடுகளில் மூத்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், உடுப்பு இறங்கி வந்தது. எங்கள் வீட்டில் அக்கா வளர மறுத்தாள்.

அவள் கையில் எதுவும் பழுதாகாது. அதுதான் பெரிய கரைச்சல். நிறப்பென்சிலைப் பாதிக்கு மேல் தேயவிடமாட்டாள். அழிறப்பரைக் கடதாசியில் சுற்றி வைத்திருப்பாள். ஒரு பொருளைப் போட்டு உடைக்கும் பிள்ளையாக இருந்தால் எனக்கு எத்தனையோ சாமான் முந்தியே கிடைத்திருக்கும். நான் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"உனக்குத்தானே வரப்போகுது, ஏன் அந்தரப்படுறாய்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வந்தது. பொம்மையோடு விளையாடும் வயது போனபிறகு பொம்மை வந்தது, மழைக்காலம் முடிந்தபிறகு மழைக்கோட்டு வந்தது. பெரியவர்களிடம் போய் முறையிடவும் வழியில்லை. "தந்தவள்தானே" என்று சொல்லிவிடுவார்கள்.

பனியில் ஹொக்கி விளையாடும் ஸ்கேற்ஸ், அடியில் இரும்பு அலகு வைத்த சப்பாத்து, எங்கள் வீட்டுக்கு வந்ததே பெரிய பாடு. பாவித்த விளையாட்டுச் சாமான்களை எங்கள் பகுதிப் பனித்தள மண்டபத்தில் சனிக்கிழமைகளில்தான் விற்பார்கள். அம்மாவுக்குச் சனிக்கிழமையில் இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது. சனீஸ்வரனைக் கையைப் பிடித்து அழைத்து வருவதுபோல என்பார். ஸ்கேற்ஸின் அடியில் இருப்பது சப்பாத்தின் பாகமா இரும்பா என்று அப்பா வாதாடிப் பார்த்தார். தோற்றுப்போனார். பிறகு சனிக்கிழமை போய் வாங்கி, அதைக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஞாயிறு காலை உள்ளே கொண்டுவந்தார். அம்மா இரண்டு அலகிலும் குங்குமப் பொட்டு வைத்துத்தான் அக்காவிடம் கொடுத்தார். இவ்வளவு சடங்கோடு வந்த ஒரு பொருளை இரண்டாம் தடவை வாங்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஒரு சோடிதான். இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கியது. அக்கா தடித்த காலுறையோடு இரண்டு குளிர்காலம் போடுவாள், பிறகு எனக்கு என்று அப்பா என் முன்னால் சொன்னார். நான் அதைச் சத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு குளிர்காலமும் நான் பூட்ஸோடு பனிமேல் ஓடினேன். அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த பூங்காவில் நகரசபை தண்ணீர் விட்டு உறையவைத்த ஒரு தளம் இருந்தது. பூட்ஸ் போட்டுப் பனியில் ஓடுகிறவள் விழாமல் நிற்கப் பழகுவாள், திரும்பப் பழகுவாள், பந்து எங்கே போகும் என்று முந்தியே பார்க்கப் பழகுவாள். உடைந்த தடியை ஒட்டுப் பட்டியால் சுற்றிக்கொண்டு, ஸ்கேற்ஸ் போட்ட பொடியன்களிடமிருந்து பந்தைப் பறித்தேன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நான் கெட்டிக்காரியாக இருந்தேன். அக்கா அதே தளத்தில் ஓரமாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவாள். அவளுக்குப் பனிமேல் போக விருப்பமே இல்லை. பலகையை விட்டு ஒரு முழம் நகர்ந்தால் முகம் வெளிறிவிடும்.

மூன்றாம் குளிர்காலம் எனக்கானது. முதல் பனி விழுந்த அன்று நான் போய்க் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு இன்னும் அளவாத்தான் இருக்கு."

அம்மாவிடம் ஓடினேன். அம்மா நியாயமானவர், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அக்காவை உட்காரவைத்து ஸ்கேற்ஸை மாட்டச் சொன்னார். சப்பாத்துக் கடையில் செய்வதுபோலக் குதிக்காலுக்குப் பின்னால் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. இடம் கிடக்கிறது, இந்த வருடமும் போடட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அக்காவின் கால் எப்படி வளராமல் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. அவளுடைய பூட்ஸும் பள்ளிச் சப்பாத்தும் அப்படியேதான் இருந்தன. எல்லாம் அளவாகவே இருந்தன.

அந்த மாசிமாதத்தில்தான் பூங்காவுக்கு ஒரு பெண் வந்தாள். விசில் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பெண்பிள்ளைகளின் ஹொக்கிக் குழு ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவள். வேலியில் கைவைத்து வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். குழுவில் ஓர் இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வா, தலைக்கவசமும் மற்றச் சாமான்களும் நாங்கள் தருவோம், ஸ்கேற்ஸ் மட்டும் உன் காலுக்கு அளவானதாகக் கொண்டுவா என்று பிரெஞ்சில் சொன்னாள். என் வாழ்க்கையில் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன முதல் வெளி ஆள் அவள். வீட்டுக்கு ஓடியபோது எனக்குக் குளிரே தெரியவில்லை.

ஒரே ஒரு ஞாயிறு என்றேன். ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா என் கன்னத்தைத் தடவி, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். உனக்குத்தானே வரப்போகுது.

அன்று பின்னேரம் அவள் பூங்காவிலிருந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியதைக் கதவிடுக்கால் பார்த்துவிட்டேன். பத்து விரல்களும் உள்ளே மடங்கி, சட்டியில் போட்ட இறால் மாதிரிச் சிவந்து சுருண்டு கிடந்தன. நகங்களில் இரண்டு கறுத்திருந்தன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல். அம்மாவின் சுண்டுவிரல் எப்படிப் போனது என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு ஆசையில்லாத ஒரு பொருளை, வலிக்க வலிக்க, என் கையில் சேராமல் வைத்திருந்தாள். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அக்கா போர்வைக்குள் காலை விட்டிருந்தாள். குளிருக்குச் சிவந்தது என்றாள். அம்மா என்னைத்தான் ஏசினார்.

ஞாயிறு அப்பாவோடு மண்டபத்துக்குப் போனேன். அக்காவும் வந்தாள். அந்தப் பெண் என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, யாரோ விட்டுப்போன சாமான் பெட்டியைக் கிளறி ஒரு சோடி ஸ்கேற்ஸை எடுத்துத் தந்தாள். பெரிய பொடியன் ஒருவனுடையது. என் கழுத்துச் சால்வையை உள்ளே திணித்துப் போட்டேன். உள்ளே என் கால் ஒரு பக்கம் போனது, சப்பாத்து இன்னொரு பக்கம் போனது. எழுந்தேன், விழுந்தேன், எழுந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பயிற்சி கொடுத்தவள் நல்லவள். தோளில் தட்டி, அடுத்த வருடம் வா, கண்டிப்பாக வா என்றாள். அடுத்த வருடம் நாங்கள் ரொக்ஸ்பரோவில் இருந்தோம். அங்கே குழுவில் இருந்த பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஸ்கேற்ஸில் நின்றவர்கள். எனக்கு அந்த இடம் பிறகு வரவே இல்லை.

பயிற்சி முடிந்ததும் பொதுமக்களுக்குத் தளத்தைத் திறந்துவிட்டார்கள். அக்கா தன் பையிலிருந்து ஸ்கேற்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். பலகையைப் பிடித்தபடி ஒரு சுற்று, இரண்டு சுற்று. என்னைக் கடந்து போகும்போது கை காட்டினாள். நான் அவளை அந்த நிமிடத்தில் வெறுத்தது போல பிறகு யாரையும் வெறுத்ததில்லை.

பழிவாங்க என்னாலான எல்லாவற்றையும் செய்தேன். அவளுடைய கையுறைகளில் இடதுகையை மட்டும் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டேன். அவளுடைய தேநீருக்குள் உப்புப் போட்டேன். கோயிலில் எல்லாரும் படிப்பு வேண்டும் என்று கேட்டு நிற்க, நான் அக்காவின் கால் தோணி அளவுக்கு வளரவேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டேன். பிள்ளையார் அந்த வேண்டுதலைப் பிசகாக எடுத்துக்கொண்டார். வளர்ந்தது என் கால்தான்.

சித்திரையில், பூங்காத் தளம் குளமாக நின்றபோது, அக்கா ஸ்கேற்ஸைத் துடைத்து, கயிறுகளைத் தோய்த்துக் காயவைத்து, சிவப்பு நாடா கட்டி என் கையில் தந்தாள். அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா படம்கூட எடுத்தார். உனக்காகத்தான் கவனமாக வைத்திருந்தேன் என்றாள். நான் காலை விட்டுப் பார்த்தேன். குதிக்கால் வெளியே நின்றது. "உனக்கு ஏன் இவ்வளவு கெதியாக் கால் வளருது?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள். மொன்றியல் முழுவதும் வீடு மாறும் யூலை முதல்நாள் அந்த ஸ்கேற்ஸைத் தெருவோரத்தில் வைத்தோம். எங்கள் சாமான் வண்டியில் ஏறி முடிவதற்குள் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகும். ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது மெட்ரோவில் சனநெரிசலில் நான் கதவுக்கு வெளியே தள்ளப்பட்டேன். கதவு மூடத் தொடங்கிவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவு அவள் முழங்கையை நெரித்தது, பிரெஞ்சில் யாரோ விடு விடு என்று கத்தினார்கள், அவள் விடவில்லை. கதவுதான் திறந்தது. அவளுடைய நகம் பதிந்த அடையாளம் என் கையில் பல நாள் இருந்தது. விட்டுக்கொடுக்கும் குணம் இருந்திருந்தால் அன்று என்னை விட்டிருப்பாள். அதற்கு நான் நன்றியுள்ளவள்தான். ஆனால் அந்தக் கணக்கு வேறு, இது வேறு.

அவளுக்குக் கலியாணம் நடந்தபோது நான்தான் தோழி. மாப்பிள்ளை அவளுடைய காலை எடுத்து அம்மியில் வைத்து மிஞ்சி போடும் நேரம் வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளை குனிந்து அவளுடைய இரண்டாம் விரலில் மிஞ்சியை ஏற்றப் பார்த்தார். விரல் நடுவில் முடிச்சுப் போட்டதுபோல மேலே எழும்பி, நுனி கீழே மடங்கி நின்றது. மிஞ்சியை இறுக்கினால் முடிச்சைத் தாண்டவில்லை. விரித்தால் கழன்று விழுந்தது. ஐயர் மந்திரத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கினார். வீடியோக்காரர் விளக்கைக் காலுக்கே கொண்டுவந்துவிட்டார். மண்டபத்தில் இருந்த இரண்டு பெரிய திரையிலும் அக்காவின் விரல் தெரிந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்து குனிந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் காலில் ஏதும் குறை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அந்தக் கண் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வேண்டிய ஒன்று என் கையில் இருந்தது. நான் அதை அந்தரப்படாமல் கொடுத்தேன்.

"குறை இல்லை மாமி. சின்னனில தன்ர ஸ்கேற்ஸைத் தங்கச்சிக்குக் குடுக்க மனமில்லாமல், விரலை மடக்கி மடக்கிப் போட்டவ. அதுதான் அப்பிடியே நிண்டுட்டுது."

வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வீடியோக்காரரின் ஒலிவாங்கியும் கிட்டவே இருந்தது. இவள் எப்படிப்பட்டவள் என்று இனித் தெரியட்டும் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருடம் யாரும் நம்பாததை ஒரு மண்டபமே கேட்டுவிட்டது.

மாமியார் அக்காவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப பிடிச்சால் விடாத பிள்ளை. என்ர மோன் எத்தினை வேலையை இடையில விட்டவன். அவனுக்கு இப்பிடி ஒராள்தான் வேணும்."

பக்கத்து விரலில் போடடா என்று மகனுக்குச் சொன்னார். அது நேராக இருந்தது, மிஞ்சி ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பழிவாங்கப் போன நான் அவளுக்குச் சீதனம் கொடுத்துவிட்டு நின்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள்தான் செல்லம். பணப்பொறுப்பு அவளிடம், வீட்டுத் திறப்புக் கொத்து அவளிடம். மாமியார் தன் சொந்த மகளைவிட அவளை நம்பினார்.

அதோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமியார் அந்தக் கதையைப் போகும் இடமெல்லாம் சொன்னார். முதல் வருடம் தங்கச்சிக்குக்கூடக் கொடுக்காத பிடிவாதக்காரி என்று சொன்னார். அடுத்த தடவை கேட்டபோது தங்கச்சியைக் காணவில்லை. அதற்கடுத்த தடவை புதுச் சாமான் ஒன்று கதைக்குள் வந்திருந்தது. தாய் தகப்பன் கஷ்டப்படுகிறார்களே, புதிது வாங்கித் தரச்சொல்லிக் கேட்கக்கூடாது என்று, சிறிதாகிப்போன ஸ்கேற்ஸை வலியைப் பொறுத்துக்கொண்டு போட்ட பிள்ளையாம். யார் அதை உள்ளே வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஊகிக்க முடியும்.

போன கோடையில் அக்கா இல்-பிசாரில் வீடு வாங்கிக் குடிபுகுந்தாள். பெரிய தனிவீடு. பால் பொங்கி முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் அந்தக் கதையைத் தொடங்கினார். தாய் தகப்பனுக்காக இரண்டு குளிர்காலம் வலி பொறுத்த பிள்ளை என்றார். அக்கா வடைத் தட்டோடு நின்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருத்தினாள். இரண்டு இல்லை மாமி, மூன்று என்றாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அத்தானோடு வேலைசெய்யும் சென்னைக்காரப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் தலையில் மூளை இருந்தது.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கல்ல அக்கா? அவங்களுக்கு அந்த ஸ்கேட்ஸ் வேணும்னு இருந்திருக்காதா?"

நான் அக்காவுக்கு எதிரேதான் இருந்தேன். ஒரு கை தூரம்கூட இல்லை. அவள் என் தட்டில் இன்னொரு வடையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவளுக்கு உதில பெரிய விருப்பம் இருக்கேல்லை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமல், "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். கஷ்டத்திலும் நல்ல பிள்ளை வளர்த்த தாய் என்று எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை விட அவருக்கு மனம் வரவில்லை. அவரோடு எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை. கோபம்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் நான் வாய் திறந்தால் அவளுக்குத்தான் லாபம் என்று கலியாண மண்டபத்தில் படித்துவிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்து கட்டிப்பிடித்து அனுப்பினாள். அப்போதும் வெறுங்காலோடுதான் நின்றாள்.

ஸ்கேற்ஸ் போனது போகட்டும். குழுவில் அந்த இடமும் போனது. பனிக்குள் பூட்ஸோடு ஓடிய அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருக்கவில்லை என்று சொன்னதை மட்டும் நான் விடப்போவதில்லை. அந்த விருப்பம் ஒன்றுதான் அக்காவிடம் கேட்காமல் எனக்குக் கிடைத்த பொருள். அது என்னுடையது.

மொன்றியலில் தமிழர் அவ்வளவு பேர் இல்லை. இதை வாசிக்கிற நீங்கள் என்றாவது ஒரு பிறந்தநாளிலோ பூசையிலோ அவளைச் சந்திப்பீர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். குனிந்து பாருங்கள், வலது கால், இரண்டாம் விரல். இது என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். கதை சொல்வாள். நன்றாகச் சொல்வாள், உங்களுக்குக் கண் கலங்கினாலும் கலங்கும். முடியும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், அடுத்ததாக அந்த ஸ்கேற்ஸைப் போடக் காத்துக்கொண்டு நின்றது யார் என்று. கேட்டுவிட்டு, அவள் என் பெயரைச் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகராமல் நில்லுங்கள்.